அண்மையில் நிகழ்ந்ததல்ல

பிப்ரவரி 3

வாயாடி மருமகளுக்கு,

இங்கே நானும் என் முதுகுவலியும் நலம். இருவரில் முதுகுவலிதான் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே அக்கா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? இத்தனை லீவு போட்டும் கண்ணாடிக் கடை முதலாளி உன்னை இன்னும் துரத்தவில்லை என்றால், அந்த மனிதருக்குச் சிலை வைக்க வேண்டும். கண்ணாடி போட்ட சிலை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் நான்கும் நவம்பரிலிருந்து துணி போர்த்தித் தூங்குகின்றன, அதனால் வாரம் மூன்று நாள் அக்காவைப் பஸ்ஸில் பெரிய நகரத்துக்குக் கூட்டிப்போய் வருகிறாய் என்று எழுதியிருந்தாய். போகும்போது அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, வரும்போது தலை நிற்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் மொத்தம் மூன்று வரி. மூன்று வரியில் எழுதினால் மாமாவுக்கு உறைக்காது என்று நினைப்பு.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்கிறாய். பஸ்ஸில் அக்காவுக்கு வாசித்துக்காட்ட ஏதாவது வேண்டும் என்று சொன்னது யார்? போன் பேச்சு காற்றோடு போய்விடும். கடிதத்தைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை படிக்கலாம்.

உங்களோடு அதே மெஷினுக்காகப் பயணம் செய்யும் டெய்லர் அண்ணன், "உங்க மாமாவுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டாராமே. சொல்லிவிடு. இந்த நாட்டின் அவசரங்கள் அத்தனைக்கும் நான் வாயிற்காவலன். நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினராவது, "மற்ற வேலையெல்லாம் நிற்கட்டும், இதை இன்றைக்கே பேசியாக வேண்டும்" என்று அவசர விவாதம் கேட்டால், காலை பத்து மணிக்குள் நோட்டீஸ் தர வேண்டும். அது சபாநாயகரிடம் போவதற்கு முன்னால் என் மேஜைக்கு வரும். வெள்ளம், தீ, பூகம்பம் எல்லாம் என் முன்னால் கைகட்டி நிற்கும். "நீ நேற்று நடந்தாயா, போன வருஷமா?" என்று ஒரு அதட்டு அதட்டுவேன். பூகம்பமே நடுங்கும். பிறகு 'ஏற்கலாம்' அல்லது 'ஏற்பதற்கில்லை' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். 'ஏற்பதற்கில்லை' என்று எழுதி எழுதியே என் வலது கட்டைவிரல் தேய்ந்து இடதைவிடக் குட்டையாகிவிட்டது. நம்பிக்கையில்லை என்றால் டெய்லர் அண்ணன் டேப்போடு வரட்டும்.

அக்காவை ஜன்னல் பக்கம் உட்கார வை.

உன் மாமா

*

பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். 'நலம்' என்று எழுத அம்மா விடவில்லை. "பொய் எழுதாத, இருக்கோம்னு எழுது" என்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தாயிற்று. முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிக் கேட்டார். டெய்லர் அண்ணன், "கட்டைவிரலுக்கு உறை தைச்சு அனுப்பறேன், துணி மட்டும் அவரு குடுக்கட்டும்" என்றார். அம்மா, "அவன் துணி குடுக்க மாட்டான், தீர்மானம்தான் குடுப்பான்" என்றாள். பிறகு சிரித்ததில் மூச்சு வாங்கி, அடுத்த நிறுத்தம் வரை பேசவில்லை.

நான் இதை பஸ்ஸில்தான் எழுதுகிறேன், எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும். அம்மா என் தோளில் தூங்குகிறாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. அப்பாவின் பழைய செருப்பைப் போட்டுவிட்டேன். டாக்டர் போன தடவை, "இந்த அலைச்சல் இவங்களுக்கு ஆகாது. பக்கத்துல எடுத்துக்க வழியே இல்லையா?" என்றார். இருக்கிறது டாக்டர், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை, துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

ஒரு விஷயம். நானும் டெய்லர் அண்ணனும் எங்கள் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்த்தோம். அவசர விவாதம் கேட்கச் சொன்னோம். உங்கள் கடிதத்தில் படித்ததைத்தான் நான் ஏதோ பெரிய சட்டம் தெரிந்தவள்மாதிரி எடுத்துவிட்டேன். "தாராளமா குடுத்துடலாம்மா" என்று நெஞ்சில் கை வைத்தார். எங்கள் தெருவில் இப்போது இதே பேச்சு. ஏற்பார்களா மாமா? நீங்கள் அங்கே இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று முதலாளியிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

*

பிப்ரவரி 21

மருமகளுக்கு,

ஆசிகள். அக்காவின் கால் எப்படி இருக்கிறது? தலையணை வைத்துத் தூக்கி வைக்கிறாயா?

நீ என்னைச் சபைக்கே சொந்தக்காரன் என்று நினைத்துவிட்டாய். தவறு என்னுடையது, நான்தான் அந்த மாதிரி எழுதிவிட்டேன். ஒரு நோட்டீஸ் நிற்குமா விழுமா என்று நான் வெளியே சொல்லக் கூடாது. அந்த விஷயத்தில் என் வாய் பூட்டியது. சாவி கடலில் கிடக்கிறது. கடல் வற்றிவிட்டது, சாவி துருப்பிடித்துவிட்டது. ஆனால் விதி என்பது அச்சடித்த புத்தகம். யார் கேட்டாலும் படித்துச் சொல்லலாம். சொல்கிறேன்.

ஒரு நோட்டீஸுக்கு ஒரே விஷயம். உறுப்பினர்களுக்கு இதுதான் வராது. கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டோம், தம்பி கல்யாணத்தையும் சேர்த்து முடித்துவிடுவோம் என்கிற கணக்கில், மருந்தோடு சாலையைச் சேர்ப்பார்கள், சாலையோடு குழாயைச் சேர்ப்பார்கள். ஒருவர் ஒரே தாளில் பஞ்சம், ரயில், தெருநாய் மூன்றையும் கட்டி அனுப்பினார். மூன்றையும் பிரித்து வைப்பதற்குள் ரயில் போய்விட்டது.

இன்னொன்று, விஷயம் அண்மையில் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். கோர்ட்டில் இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் யாராவது ஆட்சேபித்தால், போதுமான உறுப்பினர்கள் எழுந்து நின்று காட்ட வேண்டும். எழுந்து நிற்பதென்றால் சிலருக்கு எத்தனை கஷ்டம் தெரியுமா? சாப்பாட்டுக்குப் பிறகு கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

உன் எம்.பி.யிடம் ஒரே விஷயம் என்று சொல். இப்போதே சொல்.

மாமா

*

மார்ச் 6

அன்புள்ள மாமா,

வணக்கம். அம்மா நேற்று மெஷினில் மயங்கிவிட்டாள். உடனே தெளிந்துவிட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எம்.பி. நோட்டீஸை அனுப்பிவிட்டார். நான் சொன்ன மெஷினோடு மேம்பாலம், குடிநீர், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் சேர்த்திருந்தார். நான்கு பக்கம். "ஒரே கல்லுல முடிச்சிருவோம்னு பார்த்தேன்மா" என்கிறார்.

பதில் வந்துவிட்டது. எம்.பி. ஆபீஸில் காட்டினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்கள் இருக்கின்றன. அதோடு, இயந்திரங்கள் நின்றிருப்பது தொடர்ந்து நீடிக்கும் நிலைமையே தவிர அண்மையில் நிகழ்ந்ததல்ல. ஆகவே மாண்புமிகு உறுப்பினரின் அக்கறையை மதிக்கும் அதேவேளையில், ஏற்பதற்கில்லை.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். "எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாரு" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. டெய்லர் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்: "நவம்பர்லயே கேட்டிருக்கணும்மா. அப்ப நமக்கு எங்க தெரியும், இதுக்கெல்லாம் கெடு இருக்குன்னு."

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான்கு மாதமாக ஒரு கஷ்டம் தொடர்ந்து இருந்தால், அது முதல் நாள் இருந்ததைவிடப் பெரிசா, சின்னதா?

எனக்குத் தூக்கம் போதவில்லை. அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 30

மருமகளுக்கு,

நலமா? அக்கா நலமா? பதில் தாமதம். அலுவலகத்தில் என் தலைக்கு மேல் இருக்கும் ஃபேன் ராஜினாமா செய்துவிட்டது. அதை இறக்க நான்கு பேர் வந்தார்கள், ஏணி வந்தது, ஏணியைப் பிடிக்க ஒருவர் வந்தார், அவரை மேற்பார்வை பார்க்க ஒருவர் வந்தார். என் மேஜை ஒரு வாரம் வராந்தாவில் கிடந்தது. நாட்டின் அவசரங்கள் எல்லாம் வராந்தாவில் வரிசையில் நின்றன. ஒரு காக்கை வந்து இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதை அக்காவுக்கு வாசித்துக்காட்டு. இதற்கடுத்தது உனக்கு மட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பெரிசுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதியைப் போட்டவர்களுக்கும் இருந்திருக்காது. ஆனால் நாள்பட்ட துன்பத்தையெல்லாம் அவசரம் என்று உள்ளே விட்டால் சபையில் வேறெதுவும் நடக்காது, அவ்வளவு இருக்கிறது வெளியே. ஆகவே அவற்றுக்கு வேறு வாசல் வைத்திருக்கிறார்கள்: கேள்வி நேரம், மானியக் கோரிக்கை, மனுக் குழு. அந்த வாசலில் வரிசை நீளம். நான் நிற்கிற வாசலில் வரிசை கிடையாது. ஆனால் புதிதாக நடந்தது எதுவோ அதற்கு மட்டும்தான் இது திறக்கும்.

இந்த வாசலில் நின்று நின்று எனக்கும் கால் வீங்கிவிட்டது என்று எழுத வந்தேன். அக்காவின் காலை நினைத்து அடித்துவிட்டேன்.

மாமா

*

ஏப்ரல் 9

மாமா,

அம்மா இருக்கிறாள்.

டெய்லர் அண்ணன் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, போகும் வழியில், பஸ்ஸில். ஒரு தடவை தவறவிட்டிருந்தார். முந்தின சனிக்கிழமை பஸ் ஓடவில்லை. ஏறும்போதே நெஞ்சு அடைக்கிறது என்றார். உங்கள் காக்கைக் கடிதத்தை எடு என்றார், வாசித்துக்கொண்டிருந்தேன். சிரித்தார். அப்புறம் சிரிப்புச் சத்தம் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தேன்.

டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். பிரயோஜனம் இல்லை.

அவரை இறக்கிய பிறகு நாங்கள் அம்மாவின் முறைக்குப் போக வேண்டியிருந்தது. போனோம். அம்மா மெஷினில் படுத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக ஒன்று நடந்துவிட்டது மாமா.

*

ஏப்ரல் 13

அக்கா, மருமகளே,

இரண்டு பேரும் சாப்பிடுங்கள். முதலில் அது.

இது யார் கேட்டாலும் நான் சொல்லக்கூடியது, விதிப் புத்தகத்தில் இருப்பது. முதலில் டெய்லர் அண்ணன் மனைவியிடம் போ. அவர் சம்மதித்தால் மட்டும் மேலே படி. அவர் வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

சபை இருபத்தெட்டாம் தேதி மறுபடி கூடுகிறது. கூடும் முதல் நாளே நோட்டீஸ் போக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும், முதல் வாய்ப்பில் ஏன் கேட்கவில்லை என்பார்கள். காலை பத்து மணிக்கு முன்னால். ஒரே விஷயம். ஒரே வாக்கியம். எந்த நாள், எந்த வழியில், எங்கிருந்து எங்கே போகும்போது, எந்த மருத்துவமனையில் இயந்திரம் இல்லாததால். 'மக்கள் அவதி', 'கண்ணீர்க் கடல்' எதுவும் வேண்டாம். மேம்பாலம் வேண்டாம். எம்.பி.யின் கை மேம்பாலத்தை நோக்கிப் போனால் பேனாவைப் பிடுங்கிக்கொள்.

மற்ற உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டிவரும். அவர் முன்கூட்டியே நாலு பேரிடம் பேசி வைக்கட்டும்.

டெய்லர் அண்ணனை நான் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் காக்கையை எழுதினேன்.

மாமா

*

ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு மூச்சுவாங்கல் கூடியிருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு சீட்டு பிடித்து அவளைச் சாய்த்து உட்கார வைக்கிறேன். பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாளுக்குப் பிறகு கண்டக்டரே இடம் பிடித்து வைக்கிறார்.

டெய்லர் அண்ணி வீட்டுக்குப் போனேன். தைத்து முடிக்காத சட்டைகள் கம்பியில் தொங்குகின்றன; கொடுத்தவர்கள் கேட்டு வரக் கூச்சப்பட்டுக்கொண்டு வரவில்லையாம். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கேட்டார்:

"அவரு உசிரோட இருந்தப்ப இது அவசரம் இல்லைன்னாங்க இல்ல?"

"ஆமா அண்ணி."

"இப்ப அவசரமா?"

"இப்ப அவசரம்."

"எழுதிக்க. ஆனா ஏழை டெய்லர்னு எழுதாத. நல்லா தைக்கிறவருன்னு எழுது."

அதை நோட்டீஸில் எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எம்.பி. ஆபீஸில் ஒரு மல்யுத்தமே நடந்தது. அவர் உதவியாளர் டைப் அடித்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வரிதானாம்மா?" என்றார் எம்.பி. "வெறிச்சுன்னு இருக்கே."

"இருக்கட்டும் சார்."

"அந்தச் சுவர் விஷயம் மட்டும் ஓரமா ஒரு..."

"சார், சுவர் யாரையும் கொல்லலை."

"இடிஞ்சு விழுந்தா?"

"விழட்டும். அப்ப தனியா ஒரு நோட்டீஸ் குடுங்க. அது புதுசா இருக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தபோது எனக்கும் என்னவோபோல் இருந்தது. இந்தக் கணக்கு எனக்கு இவ்வளவு சீக்கிரம் படிந்துவிட்டதே மாமா.

ஒரு வரிதான் போகிறது.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 30

வீரமருமகளுக்கு,

நலம் கேட்கும் கடமையை முதலில் முடித்துவிடுகிறேன்: அக்காவுக்கு எப்படி? இப்போது கதை.

இருபத்தெட்டாம் தேதி உங்கள் எம்.பி. எழுந்து அந்த ஒற்றை வரியைப் படித்தார். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு ஊசி விழுவதற்கு யோசித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் ஆட்சேபித்தார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். நான் அதிகாரிகள் மாடத்தில் நகத்தைத் தின்றுகொண்டிருந்தேன். இங்கே ஒருவர், அங்கே ஒருவர். பிறகு மலைத்தொடர் எழுந்ததுபோல எழுந்தார்கள். முன்னூறு வருஷமாக நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்த ஒரு பெரியவர், நாற்காலியோடு எழுந்தார். எண்ணிக்கை போதும், மதியம் விவாதம் என்று அறிவித்தார்கள்.

மதியம் அமைச்சர் வந்தார். கையில் ஒரு தாள். "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட மருத்துவமனையில், இன்று காலை முதல் இரண்டு இயந்திரங்கள் இயங்குகின்றன" என்றார்.

நவம்பரிலிருந்து திறக்காத கதவு, நோட்டீஸ் போன மூன்று மணி நேரத்தில் திறந்துவிட்டது! என்ன வேகம்! நம் பொறியாளர்கள் பறந்தல்லவா போயிருக்க வேண்டும்! குறை நீங்கியதால் அவசரமும் நீங்கியது, விவாதம் தேவையில்லை என்று சபாநாயகர் தீர்ப்பு வாசித்தார். முடிந்தது. டெய்லர் அண்ணனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய நேரத்தில் அடுத்த மசோதாவை எடுத்துக்கொண்டார்கள்.

உன் எம்.பி. வெளியே வந்து, ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையோடு படுத்துவிட்டேன்.

மெஷின் உண்மையாகவே ஓடுகிறதா என்று எழுது.

மாமா

*

மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இன்றைக்கு அம்மாவே அப்படி எழுதச் சொன்னாள்.

ஓடுகிறது. இரண்டு மெஷின். நடந்தே போகிறோம், அம்மாவுக்கு வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாதத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. நகரத்து டாக்டர் மாற்றல் சீட்டில் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் நாள் ஒன்று நடந்தது. நர்ஸ் பழைய வரிசையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முதல் பெயர் டெய்லர் அண்ணனுடையது. நாங்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் அம்மா எழுந்து, "அவரு வரமாட்டாரும்மா. அவரு இடத்துல நான் வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எம்.பி. வந்தார், மெஷினைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். சபாநாயகர் தீர்ப்பின் அச்சுப் பிரதியையும் கொண்டுவந்திருந்தார். அதன் கடைசியில் நீங்கள் எனக்குச் சொல்லாத ஒரு வாக்கியம் இருக்கிறது: இவ்வியந்திரங்கள் எப்போது மீண்டும் நின்றாலும், அது பழைய நிலைமையின் தொடர்ச்சியாகக் கருதப்படாது, அந்த நாளில் புதிதாக நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும்.

எம்.பி.க்கு அது புரியவில்லை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. "அந்த ஒரு வரியால தலைநகரத்துலேர்ந்து எங்க ஆபீஸுக்குத் தினம் போன் வருதும்மா. மெஷின் ஓடுதா, ஓடுதான்னு. ஒரு நாள் நின்னாலும் சபையில மறுபடி அவங்களைக் கேப்பாங்களாம். மெக்கானிக்கை இங்கேயே தங்க வெச்சுட்டாங்க. மூணாவது மெஷினும் அடுத்த மாசம் வருது" என்று புலம்பினார்.

ஒரு காக்கைக்கு ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். ஏணி பிடித்தவரை மேற்பார்வை பார்த்தவரைப் பற்றியெல்லாம் எழுதினீர்கள். இந்த வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீர்ப்புகளை யார் எழுதித் தருகிறார்கள் மாமா?

அம்மா சொல்லச் சொன்னது: "முதல்ல எழுதுனதும் அவன்தான், இதுவும் அவன்தான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு. அதுக்காக மூணு மாசம் மூஞ்சியக் காட்டாம இருக்கறது எந்தச் சட்டம்னு கேளு."

உங்கள் வாயாடி

*

மே 20

மருமகளுக்கு,

இங்கே நலம். முதுகுவலிகூடக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பேச்சுத் துணையில்லாமல் அதற்கும் அலுத்துவிட்டது.

தீர்ப்பு சபாநாயகருடையது. அவர் வாயால் வந்தது, ஆகவே அவருடையது. நான் மேஜையில் காகிதம் பறக்காமல் கை வைத்துக்கொண்டிருப்பவன். இதற்கு மேல் இந்த விஷயத்தில் ஒரு கேள்விக்கும் நான் பதில் சொல்வதாயில்லை. பெரிய டாக்டரிடம் மட்டும் சொல், போன் நின்றால் எனக்குத் தெரிவிக்கட்டும்.

டெய்லர் அண்ணியைப் போய்ப் பார்த்துக்கொள். மெஷின் வந்த வழி அவர் வீட்டு வாசல் வழியாக என்பது ஊருக்கு மறந்துபோகும். நமக்குப் போகக் கூடாது.

சபைக் கூட்டத்தொடர் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். அதே வழிப் பஸ்தான். எத்தனை தூரம் என்று எனக்கும் தெரியட்டும். எனக்கென்று ஒன்றும் செய்யாதே, பாய் ஒன்று போதும்.

அக்காவின் கேள்விக்கு எந்தச் சட்டமும் இல்லை. பிப்ரவரியில் அந்தக் குறிப்பை எழுதிய பிறகு அவளுக்கு முன்னால் வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். இதை நீ அவளுக்கு வாசித்துக்காட்ட வேண்டாம். நானே சொல்கிறேன்.

திங்கட்கிழமை அவளை மெஷினுக்கு நான் கூட்டிப்போகிறேன். நீ கடைக்குப் போ, அல்லது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் கேட்டு வாங்கி வை. நாலு மணி நேரம் பேசாமல் இருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் முதலில் அவள் பேசட்டும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மாமா